கொக்கியார் எரித்த மூளை

இரும்பு என்று ஒன்று இருந்தால் அதில் கொக்கி என்று ஒன்று இருந்தாக வேண்டும். அந்த வெல்டிங் பட்டறைக்காரரின் வாழ்க்கைக் கொள்கை இவ்வளவுதான். இதைவிடச் சின்னக் கொள்கையை வைத்துக்கொண்டு நாட்டையே ஆண்டவர்கள் உண்டு என்பதால் நாம் இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அவர் வீட்டுக் கட்டிலில் தலைமாட்டிலும் கொக்கி, கால்மாட்டிலும் கொக்கி. குளியலறைக் கதவில் உள்பக்கம் ஒரு வரிசை, வெளிப்பக்கம் ஒரு வரிசை. வெளிப்பக்கம் எதற்கு என்று மனைவி கேட்டபோது, "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்றார். ஜன்னலுக்குக் கம்பி போடச் சொன்னவர்களுக்கு, கேட்காத கொக்கி ஒன்றும் இலவசமாகப் போய்ச் சேரும். நெற்றி வீங்கிய ஒருவர் தெருவில் நடந்து போனால், எந்த ஜன்னலில் இடித்துக்கொண்டார் என்று யாரும் கேட்பதில்லை. யாரிடம் வேலை கொடுத்தார் என்பது வீக்கத்திலேயே தெரிந்துவிடும். அப்படித்தான் அவருக்குக் கொக்கி என்ற பெயர் நிலைத்தது. வயது ஏற ஏற, மரியாதை கருதி, கொக்கியார் ஆனது.

இளமையில் அவர் பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் இருந்தார். இருக்கைக்கால்களைப் பற்றவைப்பது வேலை. ஒரு நாள் கையும் மனசும் சும்மா இருந்த நேரத்தில், ஓர் இருக்கையின் முதுகில் கம்பித் துண்டை வளைத்து ஒட்டினார். வண்டியைப் பார்க்க வந்த முதலாளியின் மனைவி அதில் தன் கைப்பையை மாட்டிப் பார்த்துவிட்டு, "அட, நல்லா இருக்கே" என்றார். அந்த ஒரு வார்த்தை மனுஷனைக் கெடுத்துவிட்டது.

கொக்கியாருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் ஒரு தப்பும் செய்ததில்லை. பற்றவைத்தது விட்டுப்போனதுண்டு, அது மட்டமான இரும்பின் குற்றம். பட்டை கோணலாக ஒட்டியதுண்டு. அது கரன்ட் ஏறி இறங்கியதன் குற்றம். பள்ளிக்கூடத்துக்கு அவர் செய்து கொடுத்த இரும்புக் கதவு ஒரு முறை அப்படியே சாய்ந்தபோது, போய்ப் பார்த்துவிட்டு வந்து, தரை சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னார். தரை மறுத்துப் பேசவில்லை.

இப்படி மாசுமறுவற்று ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் மனைவிக்கு அந்த வேலை கிடைத்தது.

அவர் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்குப் பெயர் ஒட்டும் வேலையில் இருந்தார். வெளியில் உள்ள சின்ன மருத்துவமனைகளுக்குப் போய் ரத்த மாதிரிகளை வாங்கிவரும் வேலையை நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்காகவே அரும்பாடுபட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். மேலாளர் ஒரு வழியாக இறங்கிவந்து, மதியச் சுற்றை அவருக்குக் கொடுத்தார். ஆனால் நிபந்தனை இருந்தது. ரத்தக் குழாய்கள் இருக்கும் குளிர்பெட்டி வண்டியோடு வண்டியாக இறுகி நிற்க வேண்டும். ஆடினால் ரத்தம் கெட்டுப்போகும், கெட்டுப்போன ரத்தத்தைப் பரிசோதித்தால் நல்லா இருக்கிறவனுக்கும் நோய் என்று முடிவு வரும். முதல் நாளே தாமதமானாலோ, மாதிரி கெட்டாலோ, அந்தச் சுற்று, மேலாளரின் சகலைக்குப் போய்விடும். அந்தச் சகலை புது வண்டியோடு, பரிசோதனைக் கூடத்து வாசலிலேயே, கண்ணாடி துடைத்துக்கொண்டு நின்றார். தினமும் துடைத்தார். அந்தக் கண்ணாடியைப் போல் சுத்தமான கண்ணாடி உலகத்தில் இருந்திருக்க முடியாது.

பெட்டிக்கு ஒரு ஸ்டாண்டு வேண்டும் என்று மனைவி சொன்ன நிமிடமே கொக்கியாரின் கண்கள் பளபளத்தன. சதுரக் குழாயை அளந்தார், அறுத்தார், ஓரம் தேய்த்தார். நான்கு கால் ஸ்டாண்டு. பின்சீட்டுக்குப் பின்னால் வண்டியின் சட்டத்திலேயே உட்கார வேண்டியது. முதல் சுற்றுக்குப் போக வேண்டிய நாளன்று காலை வண்டியைப் பட்டறைக்குள் ஏற்றி, ஈரச் சாக்கைப் பெட்ரோல் டாங்கின் மேல் போர்த்தினார். சீட்டைக் கழற்றித் தள்ளிவைத்தார். வெல்டிங் கரன்ட் திரும்பிப் போகும் எர்த் கிளாம்பைப் பின்பக்கக் கால்மிதியில் கடிக்கவிட்டார். இவ்வளவு பொறுப்பாகத் தொடங்கிய காரியம் நன்றாகத்தான் முடிந்திருக்க வேண்டும். வலப்பக்கக் கால்கள் இரண்டையும் முழுசாகப் பற்றவைத்தார். இடப்பக்கத்துக் கால்களில் புள்ளிபுள்ளியாக மட்டும் ஒட்டிவிட்டு, சாப்பிட வரச்சொல்லி மனைவி கூப்பிட்ட குரலுக்கு மரியாதை கொடுத்து எழுந்து போனார். வழக்கமாக அவர் முதல் குரலுக்கு எழுந்து போகிறவர் அல்லர்.

சாப்பிட்டு வந்தவர் இடப்பக்கக் கால்களை மறந்துவிட்டுச் சீட்டை மாட்டினார். மனைவி சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் உறுமியது. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி. பிடிக்கவில்லை.

பட்டறையின் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்று உண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் கொக்கியார். அந்தப் பக்கம் அவர் மனைவியின் அண்ணன், இருசக்கர வண்டி மெக்கானிக். ஒரே தகரக் கூரை. கல்யாணமான நாளிலிருந்து கொக்கியாரை அவர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். வீட்டு மாப்பிள்ளையிடம் முகத்துக்கு நேராக ஒரு குறை சொன்னதில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் கையில் இருக்கும் வண்டியிடம் சொல்லிவிடுவார். சுவருக்கு இந்தப் பக்கம் கிரைண்டர் அளவுக்கு மீறிக் கத்தினால், அந்தப் பக்கம் யாரோ ஒருவருடைய மொபெட்டுக்குத் திட்டு விழும்.

அண்ணன் சுவரைத் தாண்டி வந்தார். சாவியைத் திருப்பிவிட்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். பெட்ரோல் பம்ப் விர்ரென்று ஒரு மூச்சு ஓட வேண்டும், ஓடவில்லை. மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்து அணைய வேண்டும், எரியவே இல்லை. ஃப்யூஸ்களைப் பார்த்தார், நன்றாக இருந்தன. தன் ஸ்கேனர் கருவியைக் கொண்டுவந்து வண்டியில் செருகினார். கருவி தேடியது, தேடியது, பிறகு எதிரில் ஆளே இல்லை என்று சொல்லிவிட்டது.

"ஈசியு போயிடுச்சும்மா" என்றார் தங்கையிடம். எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று கணக்குச் சொல்லும் மூளை அது. சீட்டுக்கு அடியில், சோப்புக்கட்டி அளவில், கறுப்பாக உட்கார்ந்திருக்கும். புதுசு வேண்டுமென்றால் கம்பெனியிலிருந்துதான் வர வேண்டும். வரவழைப்பதற்குள் சகலை ஊரையே சுற்றி முடித்திருப்பார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் கொக்கியார் வெல்டிங் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். ஏனென்றால், எப்போதோ ஒரு நாள், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மச்சான் ஒரு வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. இப்போ வர்ற வண்டியில எல்லாம் வெல்டிங் வைக்கறதுக்கு முன்னாடி பாட்டரியைக் கழட்டணும், மூளையைக் கழட்டணும், இல்லன்னா வெல்டிங் கரன்ட் சட்டத்தில ஓடி மூளையை வறுத்துடும்னு எத்தனை பேருக்குத்தான் சொல்றது என்று அந்த வண்டியிடம் அவர் கேட்டிருந்தார். வண்டி பதில் சொல்லவில்லை. அது தனக்குச் சொல்லப்பட்டதாகக் கொக்கியார் எடுத்துக்கொள்ளவும் இல்லை. பெட்ரோலுக்கு ஈரச் சாக்குப் போர்த்திய கை, பாட்டரிப் பக்கம் போகவே இல்லை. மூளையில்லாத வண்டிகளாகவே பற்றவைத்துப் பழகிய கை.

"எப்படிண்ணே போகும்? நேத்துதானே சர்வீஸ் பண்ணிக் குடுத்தே" என்றார் மனைவி.

அண்ணனின் முகம் வாடியது. நேற்று வண்டியைப் பிரஷர் தண்ணீரில் கழுவிவிட்டது நானேதான், சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாய்ந்திருக்குமோ என்னவோ என்று தானாகவே முன்வந்து சொன்னார். குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்த சபையில் ஒருவர் கையைத் தூக்கிவிட்டார். அப்புறம் மனைவி பேசியதை எல்லாம் இங்கே எழுதினால் குடும்பம் பிரிந்துவிடும். ஊரான் வண்டிக்கெல்லாம் உறை போட்டுக் கழுவுகிறவனுக்குத் தங்கச்சி வண்டி என்றால் இளக்காரமா என்பதில் தொடங்கி, சின்ன வயதில் அவர் உடைத்த ஒரு ரேடியோ வரைக்கும் போனது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார்.

கொக்கியார் பேச வேண்டிய இடம் அதுதான். அவரும் பேசத்தான் செய்தார்.

"தண்ணி பொல்லாதது மச்சான்" என்றார். "இருக்கிற இடமே தெரியாது."

சொல்லிவிட்டு, எதையோ தேடுகிறவர் மாதிரி போய்ப் பெட்டியில் இருந்த வெல்டிங் ராடுகளை எண்ணத் தொடங்கினார். அவற்றை அதற்கு முன் அவர் எண்ணியதே இல்லை.

அண்ணனிடம் அதே மாதிரி ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. ஆனால் அது மெக்கானிக்கின் சொந்த வண்டி. அதாவது முன்சக்கரம் கூரையில் தொங்க, எஞ்சின் மேசை மேல் பிரிந்து கிடக்க, என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னைப் பூட்டுவார்கள் என்று காத்திருக்கும் வண்டி. ஓட்டத் தகுதியில்லாத அந்த உடம்பில் மூளை மட்டும் பழுதில்லாமல் இருந்தது. அண்ணன் போய் அதைக் கழற்றி எடுத்து வந்தார். இந்த வண்டியில் சாவியும் மூளையும் ஒன்றையொன்று அடையாளம் பார்க்கும் தொல்லை இல்லை. அந்த மட்டில் புண்ணியம். பழையதைக் கழற்றும்போது அதன் செருகியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பின்களில் களிம்பு இல்லை. ஈரமும் இல்லை. அவர் புருவத்தைச் சுருக்கினார்; கொக்கியார் ராடுகளை மறுபடி எண்ணினார்.

அந்த மாற்று மூளையைச் செருகி, சாவியைத் திருப்பியதும் விர்ரென்றது. மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது. முதல் அழுத்தலிலேயே எஞ்சின் பிடித்தது. மனைவியின் முகத்தில் காலையிலிருந்து காணாமல் போயிருந்த ரத்தம் திரும்பி வந்தது. கொக்கியார் விட்ட பெருமூச்சில் மேசை மேலிருந்த இரும்புத்தூள் பறந்தது. உண்மை எரிந்து சாம்பலாகிவிட்டது, இனி யாரும் கிளறப்போவதில்லை என்று அவர் நினைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அவசரம் ஆகுது, கெளம்பு கெளம்பு என்று மனைவியை விரட்டக்கூடச் செய்தார்.

மனைவி குளிர்பெட்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்தார். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். வலப்பக்கம் அசையவில்லை. இடப்பக்கம் கடகடவென்று ஆடியது.

"என்னங்க, இந்தப் பக்கம் புள்ளிதானே வெச்சிருக்கீங்க. சீக்கிரம் முழுசா வெச்சுக் குடுங்க. நான் துணி மாத்திட்டு வந்துடறேன்."

கொக்கியாரின் கை, பழக்கத்தில், ராடு மாட்டிய ஹோல்டரை எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் அது என்ன என்று அவருக்குப் புரிந்தது. வெல்டிங் மெஷின் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எர்த் கிளாம்ப் காலையில் கடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே தொங்கியது. சீட்டுக்கு அடியில் மச்சானின் மூளை. ஊரிலேயே கைக்கு எட்டும் ஒரே ஒரு மூளை. அதற்குப் பக்கத்தில் பாட்டரி, இரண்டு ஒயரும் மாட்டியபடி.

ராடை இரும்பில் உரசினால் தீர்ந்தது. வண்டி மறுபடி செத்துவிடும். தண்ணீரின் மேல் பழி போட இன்னொரு தரம் முடியாது.

உரசாமல் விட்டால் பெட்டி ஆடும். ரத்தம் கெடும். சகலை கண்ணாடி துடைப்பதை நிறுத்திவிட்டு வண்டியைக் கிளப்புவார்.

பாட்டரியைக் கழற்றச் சொன்னாலோ, காலையில் கழற்றினீர்களா என்ற கேள்வி வரும்.

மூன்று வழியும் அடைபட்ட மனிதர்கள் நான்காவதாக ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள் என்று பெரியவர்கள் எழுதிய புத்தகங்களில் வரும். கொக்கியாருக்கு அகப்பட்டதெல்லாம் சில்லறைக் காரணங்கள். ராடு ஈரமாக இருக்கிறது என்றார். அப்படியானால் வேறு ராடு எடுங்கள் என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. கரன்ட் சரியாக இல்லை என்றார். விளக்கு நன்றாக எரிவதை மச்சான் அண்ணாந்து பார்த்தார். கம்பி வைத்துக் கட்டிவிடலாம், ஒரு நாளைக்குத் தாங்கும் என்றார். வாழ்நாளில் பற்றவைக்க வேண்டாம் என்று கொக்கியார் சொன்னது அதுவே முதல் தடவை. அந்த ஒன்றே அவரைக் காட்டிக்கொடுக்கப் போதுமானதாக இருந்தது.

மனைவி துணி மாற்றிக்கொண்டு, பரிசோதனைக் கூடத்து அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி வெளியே வந்தார். கணவர் கையில் ஹோல்டரைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றார். முகமூடி நெற்றியில் ஏறிக் கிடந்தது.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லியா?"

கொக்கியார் சீட்டைக் காட்டினார்.

"பாட்டரியைக் கழட்டணும்" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"என்னது?"

"பாட்டரியையும் அந்த ஈசியுவையும் கழட்டிட்டுத்தான் வெல்டிங் வைக்கணும். இல்லன்னா எரிஞ்சிடும்."

மெஷின் முணுமுணுத்தது. மனைவி வண்டியைப் பார்த்தார், ஸ்டாண்டின் வலப்பக்கக் கால்களைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். கடைசியாகக் கணவரைப் பார்த்தார்.

"காலையில கழட்டுனீங்களா?"

இரும்பு, கரன்ட், தரை என்று வழக்கமாகக் கைகொடுக்கும் சாட்சிகள் ஒருவரும் முன்வரவில்லை.

"இல்ல" என்றார் கொக்கியார். பிறகு, யாரும் கேட்காமலே, "மச்சான் மேல தப்பில்ல. நான்தான்" என்றார்.

அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரை மெல்லக் கீழே வைத்தார். சற்று முன் தங்கையிடம் வாங்கியது அத்தனையும், ரேடியோ உட்பட, அவர் கண்ணில் ஒரு சுற்று ஓடியது தெரிந்தது. திட்டுவதற்கு ஒரு வண்டியைத் தேடினார். பக்கத்தில் இருந்த ஒரே வண்டி தங்கையுடையது. அதைத் திட்ட மனசு வரவில்லை போலும்.

"மாப்பிள்ளை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை சொற்களை அடைக்க முடியும் என்று கொக்கியார் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் கொக்கியாருக்குத் தெம்பாக இருந்திருக்கும். "அண்ணே, ரெண்டையும் கழட்டு" என்றார். அண்ணன் சற்று முன் பூட்டியதை எல்லாம் அவிழ்த்தார். ஈசியு ஒரு துணியில் சுற்றப்பட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் போனது. பாட்டரியை எங்கே வைப்பது என்று அவர் திரும்பிப் பார்த்தபோது, மனைவி கையை நீட்டி வாங்கிக்கொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டார். கணவரின் கைக்கு எட்டாத தூரத்தில், ஆனால் கண்ணுக்கு எதிரில்.

"இப்ப வைங்க."

கொக்கியார் முகமூடியை இறக்கினார். முதல் உரசலிலேயே ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினார். மச்சான் இருமினார். வாசலில் போகிற வண்டிகளின் சத்தமெல்லாம் சகலையின் வண்டிச் சத்தமாகவே காதில் விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உரசினார். நீல வெளிச்சம் பொங்கியது. எர்த் கிளாம்பை, பற்றவைக்கும் காலுக்குப் பக்கத்திலேயே கடிக்கவிட வேண்டும் என்பதும் இந்த முறை நினைவிருந்தது. முன்கால் முடிந்தது. பின்கால் முடிந்தது. சூடு ஆற ஈரத்துணி வைத்தார். புஸ்ஸென்று ஆவி வந்தது. இயல்பாக அந்த இடத்தில் அவர் கை ஒரு கம்பித் துண்டைத் தேடும். ஸ்டாண்டின் பக்கவாட்டில் ஒரு வளைவு வைத்தால் ஹெல்மெட் மாட்ட ஆகும். அன்றைக்குக் கை தேடவில்லை.

அண்ணன் பூட்டினார். பாட்டரி மடியிலிருந்து இறங்கி இடத்துக்குப் போனது. சாவி திரும்பியது. விர்ரென்று கேட்டது. எஞ்சின் பிடித்தது.

மனைவி பெட்டியை வைத்து ஆட்டினார். பெட்டி ஆடவில்லை, மொத்த வண்டியும் சேர்ந்து ஆடியது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். போய் வருகிறேன் என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார். கணவரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. வண்டி தெருமுனையில் திரும்பியது.

அப்புறம் பட்டறையில் வேலை ஓடவில்லை. மச்சான் மூளை பறிபோன தன் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் கழற்றிய செத்த ஈசியுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொக்கியார் சுவரில் கையூன்றி நின்றார். கம்பெனியில் சொல்லிவைத்தால் எப்போது வரும் என்று கேட்டார். வரும்போது வரும் என்றார் மச்சான். அதற்கு ஆகிற செலவு என்னுது என்றார் கொக்கியார். ஆமாம் என்றார் மச்சான். பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. டீ சொல்லட்டுமா என்றார் கொக்கியார். அதற்கு மட்டும் தலையாட்டினார்.

டீ வந்து ஆறிப்போன பிறகு தொலைபேசி ஒலித்தது. கொக்கியார் பாய்ந்து தன்னுடையதை எடுத்தார். அது சும்மா இருந்தது. ஒலித்தது மச்சானுடையது.

அவர் எடுத்துக் காதில் வைத்து, ம், ம் என்றார். சரி என்றார். சாப்பிட்டியா என்றார். அந்தப் பக்கம் என்ன சொல்லப்படுகிறது என்பதை அவர் முகத்திலிருந்து படிக்கக் கொக்கியார் படாதபாடு பட்டார். கிரீஸ் படிந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மச்சான் தொலைபேசியை வைத்தார். டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"எல்லா இடத்திலயும் வாங்கிக் கொண்டுபோய்க் குடுத்துடுச்சாம்" என்றார். "ரத்தமெல்லாம் நல்லா இருக்காம். நாளைக்கும் வரச் சொல்லிட்டாங்களாம்."

கொக்கியார் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"என்னைப் பத்தி எதுவும் சொல்லுச்சா?"

மச்சான் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற யோசனை அது.

"சொல்லுச்சு" என்றார். "இனிமே அந்த வண்டிகிட்ட நீங்க போகறதா இருந்தா, நான் கூட இருக்கணுமாம்."

கொக்கியார் தலையை ஆட்டினார். அது நியாயம்தான் என்று அவர் சொன்னது, அவர் வாழ்க்கை வரலாற்றில் பதிவாக வேண்டிய செய்தி.